சோப்பாவ் பட்டறையின் சைலன்சர்

1953இல் கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில், பின்னாளில் எம்இசட் எனப்பட்ட மோட்டார்சைக்கிள் ஆலையின் பந்தயப் பிரிவை வால்டர் காடன் ஏற்றார். கையில் காசு குறைவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

காடன் சைலன்சரைக் கவனித்தார். புகையோடு ஓர் அழுத்த அலையும் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது சிலிண்டரிலுள்ள எரிந்த வாயுவை உறிஞ்சும். மீண்டும் குறுகும் இடத்தில் திரும்பி வந்து, வெளியே நழுவும் புதுக் கலவையை உள்ளே தள்ளும். நீளம் சற்றுப் பிசகினாலும் பலன் போய்விடும். ஆஸிலாஸ்கோப்பில் அலையைப் பார்த்துப் பார்த்துக் குழாயின் வடிவத்தைத் திருத்தினார். சிலிண்டரின் வாயு வழிகளையும் செப்பனிட்டார். 1961இல் அவரது 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. சூப்பர்சார்ஜர் இல்லாமல் லிட்டருக்கு 200! அபாரமான சாதனை.

அதே ஆண்டு அவரது வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பினார். அவரோடு காடனின் நுட்பமும் சுசுகிக்குப் போனது. 1962இல் டெக்னர் 50 சிசி உலகச் சாம்பியன். காடனின் எம்இசட்டுக்கோ சாலைப் பந்தய உலகப் பட்டம் கிட்டவேயில்லை.