சிவகாசியின் படக்கதைகளும் குழந்தைகளின் துணிவும்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசி, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் பெயர் பெற்ற ஊர். தமிழ்நாட்டுக் குழந்தைகள் வெட்டி ஒட்டிய படத்தாள்களும், சுவரில் பார்த்த நாட்காட்டிகளும், மடியில் வைத்துப் படித்த படக்கதைகளும் ஏராளமாக இங்கே அச்சாகின. அதே காலத்தில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் குழந்தைகள் பலர் பள்ளிக்குப் போகாமல் தீப்பெட்டி வேலைக்குப் போனார்கள். துணிவையும் உரிமையையும் குழந்தைகளுக்குச் சொல்லும் படநூல்களின் வரலாற்றை இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தே இவ்வட்டாரத்தில் புரிந்துகொள்ள முடியும்.

படம் அச்சிட்ட ஊர்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். மழையை நம்பிய கரிசல் நிலம், குறைந்த நீர், அடிக்கடி வரும் வறட்சி ஆகியவற்றால் வேளாண்மை நிலையற்றிருந்த பகுதி இது. வறண்ட காற்று தீக்குச்சி உலர்வதற்கு உதவியது. கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசு அளித்த கலால் வரிச் சலுகையும் தொழில் பரவக் காரணமாயிற்று.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் வேண்டும். அந்தத் தேவையே அச்சுத் தொழிலுக்கு வித்திட்டது. லேபிளில் தொடங்கிய அச்சகங்கள் பின்னர் நாட்காட்டி, வாழ்த்து அட்டை, பாடநூல், குழந்தைகள் நூல் என வளர்ந்தன. அருகிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் நாடெங்கும் சென்றன. தலைவர்கள், விலங்குகள், பழங்கள், பறவைகள் என்று கட்டம் கட்டமாக அச்சிட்ட படத்தாள்கள் பள்ளிக்கூடத்துக்கு அருகிலுள்ள பெட்டிக்கடைகளில் விற்றன. எழுத்து கூட்டத் தெரியாத வயதிலேயே ஒரு குழந்தை காந்தியையும் காமராசரையும் அடையாளம் காண அத்தாள்கள் உதவின.

இரும்புக்கை மாயாவி

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. இதை நிறுவியவர் சௌந்தரபாண்டியன். தொடக்ககால ஆசிரியராக முல்லை தங்கராசன் பணியாற்றினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இது 1960களில் இங்கிலாந்துப் படக்கதை இதழில் வந்த தொடரின் தமிழ் வடிவம். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகன், தமிழ்ச் சிறுவர்களின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு அறிமுகமானவன். 1984இல் அதே ஊரிலிருந்து விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது.

இக்கதைகள் வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தன. அநீதியைக் கண்டால் எதிர்த்து நிற்க வேண்டும் என்னும் உணர்வையும் ஊட்டின. ஆனால் அவற்றில் துணிவு என்பது பெரும்பாலும் வயது வந்த ஓர் ஆணின் வலிமை. அவனிடம் துப்பாக்கியோ அபூர்வ ஆற்றலோ இருக்கும். கதை நடக்கும் இடமும் வெளிநாடாக இருக்கும். கதையில் வரும் குழந்தை பெரும்பாலும் காப்பாற்றப்படுபவரே. படிக்கும் குழந்தை தன் ஊரில் தன்னால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அவை விடை தேடவில்லை.

பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள்

அந்தக் கேள்வி சிவகாசி வட்டாரத்தில் வெறும் கற்பனை அன்று. மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டிக்குள் குச்சி நிரப்புவது போன்ற வேலைகளில் சிறுவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். சிறுமிகளே அதிகம். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்பதால், சிறு விரல்கள் வேகமாக இயங்குவது ஆலைக்கும் வீட்டுக்கும் வருமானமாகப் பட்டது. விடியும் முன்பே ஊர் ஊராக வந்து அவர்களை ஏற்றிச் சென்ற பேருந்துகள் இருட்டிய பின்னரே திரும்பின. பெற்றோர் வாங்கிய முன்பணம் குழந்தையை வேலையோடு கட்டிப்போட்டது. அண்ணனோ தம்பியோ பள்ளிக்குப் போக, பெண் குழந்தை குச்சி அடுக்கிய வீடுகள் பல.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் பதிவாகியுள்ள கணக்கின்படி, 1985 டிசம்பர் 31ஆம் நாள் இப்பகுதியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகள் இருந்தன. அவற்றில் 27,338 பேர் வேலை செய்தனர். அவர்களில் 2,941 பேர் சிறுவர்கள். இது பதிவேட்டில் இருந்தவர்களின் கணக்கு மட்டுமே. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய குழந்தைகள் அதில் அடங்க மாட்டார்கள்.

இக்குழந்தைகளின் வாழ்வைப் படம்பிடித்தவற்றுள் குறிப்பிடத்தக்கது சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் (1990). உழைப்புக்காகச் சிவகாசிக்கு வழங்கிய ‘குட்டி ஜப்பான்’ என்ற புகழ்ப்பெயரையே அது தலைப்பாக்கிக்கொண்டது. புகழுக்குப் பின்னால் யாருடைய கைகள் இருந்தன என்பதை அத்தலைப்பு நினைவூட்டியது.

சட்டம் வந்த வழி

குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா, சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். 1987இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதன் கீழ் மாவட்ட வாரியாகத் தொடங்கிய திட்டங்களில் சிவகாசிப் பகுதி தொடக்கத்திலேயே இடம்பெற்றது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன.

1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். குழந்தைக்குப் பதிலாக அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அத்தொகையின் வட்டி குழந்தையின் படிப்புக்குச் செல்லும். வறுமையை அப்படியே விட்டுவிட்டுத் தடை மட்டும் போட்டால் பயனில்லை என்பதைத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் வந்த திருத்தம், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலைகளில் அமர்த்தத் தடை விதித்தது.

ஒரு தீக்குச்சி, இரண்டு கதைகள்

தீக்குச்சியும் குழந்தையும் சேர்ந்த கதை உலகுக்குப் புதிதன்று. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1845இல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை எண்ணற்ற படநூல்களாக வந்துள்ளது. குளிரில் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் கனவு கண்டு, கடைசியில் இறந்துபோகும் சிறுமி அவள். படிப்பவர் கண்ணீர் விடுவார். ஆனால் அந்தச் சிறுமி யாரையும் எதுவும் கேட்பதில்லை.

1888 ஜூலையில் லண்டனில் வேறொரு கதை நடந்தது. பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் வேலை செய்த சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தனர். அற்பக் காரணங்களுக்கு விதிக்கப்பட்ட அபராதமும், தாடை எலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் நோயும் அவர்களின் குறைகள். ஆலையின் நிலையை முன்னதாகக் கட்டுரையாக வெளியிட்டவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, இந்தியத் தன்னாட்சி இயக்கத்தை நடத்தியவரும் இவரே. வேலைநிறுத்தம் வென்றது; அபராதங்கள் நீக்கப்பட்டன. எம்மா கரோல் எழுதி, லாரன் சைல்ட் படம் வரைந்த ஆங்கிலச் சிறுவர் நூல் ஒன்று (2022) இவ்விரு கதைகளையும் இணைக்கிறது. ஆண்டர்சனின் சிறுமி அதில் குளிரில் மடியாமல் வேலைநிறுத்தத்தில் சேர்கிறாள்.

குழந்தையை இரக்கத்துக்குரியவராகக் காட்டும் கதைக்கும், கேள்வி கேட்பவராகக் காட்டும் கதைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. இரக்கம் மட்டும் ஊட்டும் நூலைப் படிக்கும் வசதியான வீட்டுக் குழந்தை வருந்தும். வறிய வீட்டுக் குழந்தையோ தன்னையே அந்தப் பாவப்பட்ட உருவமாகக் காணும். கேள்வி கேட்கும் குழந்தையைக் காட்டும் நூல் இருவருக்கும் பயன்படும்.

ஏன் என்று கேட்ட சிறுமி

இந்தியாவில் இவ்வகை நூல்களுக்குச் சிறந்த சான்று, மகாசுவேதா தேவியின் ‘ஒய்-ஒய் கேர்ள்’. கன்யிகா கினியின் ஓவியங்களோடு சென்னையின் தூலிகா பதிப்பகம் இதை வெளியிட்டது. தூலிகா தன் படநூல்களைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கொண்டுவரும் பதிப்பகம்.

கதையின் நாயகி மொய்னா, சபர் பழங்குடிச் சிறுமி. நிலவுடைமையாளர் வீட்டு ஆடுகளை மேய்ப்பவள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவள். பள்ளிக்கு வரச் சொன்னபோது, காலையில் ஆடு மேய்க்க வேண்டியிருப்பதால் பள்ளி நேரத்தை ஏன் மாற்றக்கூடாது என்று கேட்கிறாள். படித்து வளர்ந்தபின் அவளே அப்பள்ளியில் கற்பிக்கிறாள். இக்கதையில் சண்டை இல்லை, அபூர்வ ஆற்றல் இல்லை. ஒரு குழந்தையின் நியாயமான கேள்விக்குப் பெரியவர்கள் விடை சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டுமே இருக்கிறது.

விருதுநகர்க்காரர்களுக்கு இது பழகிய கதையாகவே தோன்றும். விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டு மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவர். முதலமைச்சராக இருந்தபோது அவர் ஆடு மேய்த்த சிறுவன் ஒருவனிடம் பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதை இக்கதையோடு சேர்த்தே மக்கள் சொல்வார்கள். நாட்டில் வழங்கும் கதையாயினும் அதன் சாரம் மொய்னாவின் கதைக்கு நெருக்கமானது. இரண்டிலும் குழந்தையின் கேள்விக்காகப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்கிறது.

பாகிஸ்தானில் கம்பள நெசவில் கொத்தடிமையாக இருந்து தப்பி, மற்றக் குழந்தைகளின் விடுதலைக்காகப் பேசி, 1995இல் சுட்டுக் கொல்லப்பட்ட இக்பால் மசீஹின் வாழ்வையும், மலாலாவின் வாழ்வையும் இணைத்து ஜெனட் வின்டர் 2014இல் ஒரு படநூல் செய்தார். இரு அட்டையிலிருந்தும் படிக்கத் தொடங்கலாம். இரண்டு கதைகளும் நடுவில் சந்திக்கும். துணிவுக்கு விலை உண்டு என்பதை மறைக்காத நூல் அது. இத்தகைய நூலைச் சிறு குழந்தைகளிடம் தனியே கொடுத்துவிடாமல், ஆசிரியரோ பெற்றோரோ உடனிருந்து படிப்பது நல்லது.

வகுப்பறையில்

தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் 1990களில் எழுத்தறியாத பெரியவர்களுக்காக எளிய நூல்களையும் கதைகளையும் ஊர்ப்புறங்களுக்குக் கொண்டு சென்றது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் படங்களோடு கூடிய சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்குகிறது. வீட்டில் நூல் வாங்க இயலாத குழந்தைக்கு இத்தகைய முயற்சிகளே வாசல்.

பட்டாசுப் பகுதியில் துணிவு பற்றிய கதைக்குத் தனிப் பொருள் உண்டு. இங்குள்ள மாணவர்கள் பலரின் பெற்றோர் இன்றும் ஆலைத் தொழிலாளர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் நாளில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அவ்விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்பது தொழிலுக்குப் பகை அன்று. தொழிலாளியின் உயிருக்குக் காவல். அப்படிக் கேட்கும் பழக்கம் ஒரு நாளில் வராது. ஏழு வயதில் கதையில் வரும் சிறுமியோடு சேர்ந்து ஏன் என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு இருபத்தேழு வயதில் அது எளிதாக வரும்.

ஆகவே இந்நூல்களை வாசிக்கும்போது கதையின் நீதியைக் கடைசியில் ஒப்பிக்கச் சொல்வதைவிட, கேள்வி எழும் பக்கத்தில் நிறுத்தி, நீயாக இருந்தால் யாரிடம் என்ன கேட்பாய் என்று பேசவிடுவது பயன் தரும். பிறகு குழந்தைகள் தங்கள் பாட்டியிடமோ அத்தையிடமோ அவர்கள் சிறுவயதில் பார்த்த வேலையைக் கேட்டு வந்து படமாக வரையலாம். குச்சி அடுக்கிய பெண்கள் பலர் இன்று அவ்வட்டாரத்தின் தாய்மாராகவும் பாட்டிமாராகவும் இருக்கிறார்கள். தங்களுக்குக் கிடைக்காத பள்ளிக்குத் தம் பிள்ளைகளை அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களின் கதையைப் படநூலாக்க ஓவியர்களும் அச்சகங்களும் அதே ஊரில் இருக்கின்றன.