சுனாமிக்குப் பிறகு எமது நாடு எழுதிய மென்பொருளும், தொலைந்துபோகும் அதன் துணைகளும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

இலங்கையில் எழுதப்பட்டு உலகத்தின் பல நாடுகளுக்குப் போன ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எமது பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அதன் கதையையும், அது போன்ற பழைய மென்பொருட்களை இன்று மீண்டும் இயக்குவது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதையும் பேசுவோம். மண்சரிவும் வெள்ளமும் வருடாவருடம் வாசலுக்கு வரும் சப்ரகமுவக்காரர்களான எமக்கு இதில் வேலை இருக்கிறது.

◆ சஹன பிறந்த கதை

2004 டிசம்பர் 26. சுனாமி எமது நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலட்சக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் தங்கினார்கள். உதவி வந்தது, நிறையவே வந்தது. ஆனால் யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த முகாமுக்கு என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. ஓர் இடத்தில் உடுப்பு மலைபோல் குவிந்தது, இன்னோர் இடத்தில் குழந்தைக்குப் பால்மா இல்லை. பிள்ளையைத் தேடும் தாய் முகாம் முகாமாக நடந்தாள்.

அந்த நாட்களில் கொழும்பின் மென்பொருள் துறையில் இருந்தவர்கள் தொண்டர்களாகக் கூடினார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் சஞ்ஜீவ வீரவரண போன்றவர்கள் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அதன் ஒருங்கிணைப்பில் சில வாரங்களுக்குள் சஹன உருவாகி, அரசாங்கம் அமைத்திருந்த தேசிய செயற்பாட்டு நிலையத்தின் பயன்பாட்டுக்கு வந்தது. காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனங்களின் பதிவு, உதவிக் கோரிக்கைகளின் பதிவு ஆகியவை அதன் முக்கியப் பகுதிகள்.

அவர்கள் செய்த பெரிய காரியம் அதைத் திறந்த மூல மென்பொருளாக விட்டதுதான். அதாவது யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம், காசு கட்டத் தேவையில்லை.

2005 ஒக்டோபரில் பாகிஸ்தானைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது சஹன அங்கே போனது. 2006 பெப்ரவரி 17ஆம் திகதி பிலிப்பைன்ஸின் கின்சாகொன் என்ற கிராமத்தின் மேல் மலை சரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். அங்கேயும் சஹன போனது. 2003 மே 17இல் எமது இரத்தினபுரி மாவட்டம் பார்த்ததும், 2016இல் அதே மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க பார்த்ததும் இதே வகை அழிவுதான். 2006ஆம் ஆண்டு சமூக நலனுக்கான திட்டங்களுக்குச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது சஹனவுக்குக் கிடைத்தது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கம் வந்தபோது, பைத்தான் என்ற கணினி மொழியில் புதிதாக எழுதப்பட்ட 'சஹன ஈடன்' பயன்பட்டது.

◆ மென்பொருள் பழசானால் என்ன?

மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. 2005இல் எழுதிய ஒரு வரியும் மாறாமல் அப்படியே இருக்கும். அப்படியானால் ஏன் இன்றைய கணினியில் இயங்க மறுக்கிறது?

எம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. பாமினி எழுத்துரு. ஒரு காலத்தில் எமது பாடசாலைகளின் வினாத்தாள்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பாமினியில்தான். அப்படியொரு பழைய கோப்பை இன்று புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரிகிறது. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது நம்பியிருந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. பாமினியை நிறுவியவுடன் குப்பை தமிழாகிவிடும்.

மென்பொருளுக்கும் இதே கதைதான். எந்த மென்பொருளும் தனியாக நிற்பதில்லை. வேறு பத்து மென்பொருட்களின் தோளில் நிற்கிறது. அந்தப் பத்தும் இன்னும் நூறின் தோளில் நிற்கின்றன. இவற்றைக் கணினிக்காரர்கள் 'டிபென்டென்சி' என்பார்கள், நாம் 'சார்பு' என்று சொல்வோம்.

சஹனவின் முதல் பதிப்பு பி.எச்.பி என்ற மொழியையும் மை எஸ்.கியூ.எல் என்ற தரவுத்தளத்தையும் நம்பி எழுதப்பட்டது. அந்தக் காலத்துப் பி.எச்.பி நிரல்கள் பல, தரவுத்தளத்தோடு பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்தின. 2015 டிசம்பரில் பி.எச்.பி 7 வெளிவந்தபோது அந்தத் தொகுதி முழுவதும் நீக்கப்பட்டது. 2020 ஜனவரி 1இல் பைத்தான் 2க்கான ஆதரவும் நின்றது. ஈடன் பைத்தான் 2இல் தொடங்கியது. அதைப் பைத்தான் 3க்கு நகர்த்த ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அப்படி ஆட்கள் கிடைக்காத மென்பொருட்கள் உலகில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

சில சார்புகள் பழசாவதோடு நிற்காமல் காணாமலே போய்விடுகின்றன. 2016 மார்ச்சில் ஒருவர், தான் எழுதிய 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரி நிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருட்களின் வேலை உலகம் முழுவதும் சில மணிநேரம் தடைப்பட்டது. 11 வரிதான்! திறந்த மூல நிரல்களை இலவசமாக வைத்திருந்த 'கூகுள் கோட்' தளமும் 2016இல் மூடப்பட்டது. அங்கே வைத்தால் என்றைக்கும் இருக்கும் என்று நம்பியவர்கள் ஓடித்திரிந்து வேறு இடம் தேடினார்கள்.

◆ சங்கிலி அறுந்தால்

மார்க்கம் படித்தவர்களுக்கு இதை இன்னும் இலேசாகச் சொல்லலாம். ஒரு ஹதீஸ் எம்மிடம் வரும்போது வாசகம் மட்டும் வருவதில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற இஸ்னாதும் சேர்ந்தே வருகிறது. இடையில் ஓர் ஆள் விடுபட்டால் 'முன்கதிஃ', தொடர் அறுந்தது என்பார்கள். அந்த ஆட்களின் பெயர், காலம், ஊர், நம்பகத்தன்மை பற்றி மட்டுமே தனி நூல்கள் எழுதியவர்கள் எமது முன்னோர்கள்.

தோட்டத்து உறவுகளுக்கு இதன் வலி வேறு வகையில் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இந்த நாட்டில் பிறந்தார் என்பதற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. ஆள் இருந்தார், உழைப்பு இருந்தது, பிறந்த லயமும் இருந்தது. கையில் காட்ட ஒரு கடதாசி இருக்கவில்லை. அதனால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தச் சட்டத்தின் நோக்கம் வேறு விவாதம். ஆனால் இடையில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

◆ எப்படி மீட்கிறார்கள்?

உலகத்தில் இதற்காகவே மினக்கெடும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேலைமுறை ஒரு வரலாற்று மாணவனின் வேலைமுறைதான்.

முதலாவது, காலத்தைக் கண்டுபிடிப்பது. மென்பொருளோடு வரும் குறிப்புக் கோப்பு, நிறுவும் முறை, கோப்புகளின் திகதிகள் ஆகியவற்றைப் பார்த்து, இது எழுதப்பட்ட மாதத்தில் எந்தச் சார்பின் எந்தப் பதிப்பு புழக்கத்தில் இருந்தது என்று கணக்கிடுவார்கள். 'பி.எச்.பி வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்தப் பி.எச்.பி என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, சுவடிக் களஞ்சியங்களில் தேடுவது. பி.எச்.பியின் பழைய பதிப்புகளை அதன் குழுவினரே ஓர் 'அருங்காட்சியகத்தில்' வைத்திருக்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் குழுவினர் 2005 முதல் தங்களது பொதிகளை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள். 2007இல் ஒரு குறிப்பிட்ட நாளில் களஞ்சியம் எப்படி இருந்ததோ, அதிலிருந்து இன்றும் எடுக்கலாம். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் 'சொஃப்ட்வெயார் ஹெரிட்டேஜ்' என்ற காப்பகத்தை ஆரம்பித்தது. உலகின் திறந்த மூல நிரல்கள் அனைத்தையும் திரட்டிப் பாதுகாப்பது அதன் வேலை. யுனெஸ்கோவும் அதோடு கைகோத்திருக்கிறது.

மூன்றாவது, எங்குமே கிடைக்காவிட்டால் ஆளைத் தேடுவது. எழுதியவரின் பழைய இறுவட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் மூலையில் கிடக்கும் கணினி, ஓர் இதழில் அச்சான பக்கம். அதுவும் இல்லையென்றால் அந்தச் சார்பு என்ன வேலை செய்தது என்று ஊகித்து, அதே வேலையைச் செய்யும் சிறு துண்டைப் புதிதாக எழுதி இட்டு நிரப்புவார்கள்.

நான்காவது, தனியறை. பழைய சார்புகளில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். ஆகவே கணினிக்குள் ஒரு 'மெய்நிகர் கணினி' அமைத்து, இணையத் தொடர்பு இல்லாமல் அதற்குள் இயக்குவார்கள்.

ஐந்தாவது, சோதனை. திரையில் ஏதோ தெரிந்துவிட்டால் மீட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. அன்று கொடுத்த அதே தரவைக் கொடுத்தால் அன்று வந்த அதே விடை வரவேண்டும்.

இந்த ஐந்தாவது விடயம் விஞ்ஞானிகளுக்கு மிக முக்கியம். கொன்ராட் ஹின்சன், நிக்கொலா ரூஜியே என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் ஒரு சவாலை நடத்தினார்கள். பத்து வருடங்களுக்கு முன்னர் நீங்கள் வெளியிட்ட ஆய்வின் நிரலை இன்று மீண்டும் இயக்கி, அதே விடையை எடுத்துக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. ரூஜியே எடுத்துக்கொண்டது, தானே 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதி ஒரு பிரெஞ்சு இதழில் அச்சான நிரலை. கடதாசியில் இருந்ததால் அது 32 வருடங்கள் தப்பியது.

இதெல்லாம் எமக்கு எதற்கு? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு இறங்குவதா இல்லையா என்பதை இப்படியான இலக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன. நாளைக்கு மழையின் போக்கு மாறும்போது இலக்கங்களையும் மீளாய்வு செய்ய வேண்டிவரும். அன்று பழைய தரவும் வேண்டும், அதைக் கணக்கிட்ட கருவியும் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் முந்தைய கணக்கு சரியா பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது.

◆ நாம் செய்யக்கூடியவை

1. பாமினியில் கிடக்கும் பாடசாலை, ஜமாஅத், சங்கப் பதிவுகளை யுனிகோடுக்கு மாற்றுங்கள். பழைய கோப்பையும் பாமினி எழுத்துருவையும் ஒரே உறையில் சேர்த்தே வையுங்கள். ஒரு பிரதியைக் கடதாசியிலும் எடுத்து வையுங்கள்.

2. வெள்ளக் காலத்தில் தயாரிக்கும் குடும்பப் பட்டியல்கள் இப்போது வாட்ஸ்அப்பில் தொடங்கி வாட்ஸ்அப்பிலேயே தொலைகின்றன. ஒரு பொறுப்பாளர் அவற்றை எளிய அட்டவணையாகச் சேமித்து, திகதியும் தயாரித்தவர் பெயரும் எழுதி வைக்கட்டும். ஆட்களின் சொந்த விபரங்கள் என்பதால் பொதுவில் போட வேண்டாம்.

3. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளே, புதிதாகச் செயலி எழுதுவது நல்ல காரியம். அதோடு ஒரு பழைய திறந்த மூல மென்பொருளை எடுத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். எந்தச் சார்பு எந்தப் பதிப்பு, எங்கே கிடைத்தது, எங்கே முட்டியது என்று ஒவ்வொரு படியையும் கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி அடுத்த ஆளுக்கு இஸ்னாத். சஹனவிலிருந்தே தொடங்கலாம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

4. நீங்கள் எழுதும் எந்த நிரலிலும், அது எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

திறந்த மூலம் என்பது திருத்தும் உரிமையைத் தருகிறது. திருத்துவதற்கு ஆள் வேண்டும். சுனாமிக்குப் பிறகு சில வாரங்களில் சஹனவை எழுதியவர்களும் எமது நாட்டுப் பிள்ளைகள்தான். 

கடைசியாக ஒரு கோரிக்கை. 2003 வெள்ளத்தின்போதோ 2017 வெள்ளத்தின்போதோ எமது பகுதியில் தயாரித்த பட்டியல்கள், மழை அளவுக் குறிப்புகள், பழைய இறுவட்டுகள், நெகிழ்வட்டுகள் யாருடைய வீட்டிலாவது கிடக்கலாம். பரணைத் துப்புரவு செய்யும்போது வீசிவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். திறக்க முடியுமா என்று பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வரும் மழைக்காலத்தில் எல்லா வீடுகளையும் எல்லா லயங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.