எல்லையோரத்து உலை (7): வடித்துக் கொட்டிய தண்ணீர்

நெய்யாற்றின்கரையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1930களில் இயங்கிய சுகாதார யூனிட்டைப் போன வாரம் பார்த்தோம். வெறுங்காலோடு வயலில் இறங்கியவர்களின் குடலில் கொக்கிப்புழு ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்த கதை அது. புழுவுக்கு மருந்து கொடுத்தாயிற்று. இழந்த ரத்தம் மறுபடி ஊற அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன்.

மரச்சீனி. பெரும்பாலான நாட்களில் அது மட்டும்தான்.

சேலத்துக்காரர்களுக்கு அது குச்சிக்கிழங்கு, பிற ஊர்களில் மரவள்ளி. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எந்த வீட்டில் கேட்டாலும் மரச்சீனிதான். தென்னமெரிக்கக் கிழங்கு, போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. ஏழைகளின் பசிக்கு அதைப் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. விஷம் என்று ஜனங்கள் பயந்தபோது, அரண்மனையிலேயே அவிக்கச் சொல்லி மகாராஜா தானே சாப்பிட்டுக் காட்டினார் என்று இன்றும் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ஜனங்களின் பயம் பொய்யல்ல.

1942 மார்ச் 8. ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. திருவிதாங்கூரில் விளைந்த நெல் அப்போது ஊருக்குப் போதவில்லை; பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசிதான் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அது நின்றது. ரேஷன் வந்தது, பஞ்சமும் வந்தது. ஏழை வீடுகளில் காலையும் மதியமும் இரவும் மரச்சீனி வெந்தது.

அது எப்படி வெந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். பாறசாலைக்குப் பக்கத்தில் என் மாமி வீட்டு அடுக்களை. கிழங்கின் மேல்தோலைக் கத்தியால் நெடுகக் கீறி, உள்ளே ரோஸ் நிறத்தில் இருக்கும் தடித்த தோலையும் சேர்த்து உரித்து எறிவார். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மூழ்கும் அளவுக்கும் மேலே தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைப்பார். நுரைத்துக் கொதித்ததும் வடித்து, கோழியும் ஆடும் போகாத இடமாகப் பார்த்துக் கொட்டுவார். ஒருமுறை நான் அந்தப் பானைக்குள் கைவிடப் போனேன். "மக்ளே, அந்த வெள்ளத்தத் தொடாத. கட்டு உண்டு" என்றார். கட்டு என்றால் கிழங்கின் கசப்பு, நஞ்சு. பிறகுதான் தேங்காயும் காந்தாரி மிளகும் சின்ன உள்ளியும் அரைத்துப் போட்டுக் கிளறுவார். பக்கத்துச் சட்டியில் சாளைக் குழம்பு.

மாமி 'கட்டு' என்று சொன்னதை வேதியியல் லினமாரின் என்கிறது. கிழங்கை நறுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, லினமாரினும் அதைச் சிதைக்கும் என்சைமும் ஒன்றையொன்று தொடுகின்றன, சயனைடு வெளிப்படுகிறது. சின்னத் துண்டும் நிறையத் தண்ணீரும் அதை வெளியேற்றுகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1963இல். பெயர் தெரியாத பெண்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே பானையை வடித்துக் கொட்டித் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு வரலாற்றை யார் எழுதினாலும் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாளைக் குழம்பும் வெறும் ருசிக்கல்ல. வடித்த பிறகும் மிஞ்சும் கொஞ்சம் சயனைடை ஈரல் முறிக்க வேண்டும். அதற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் புரதத்திலிருந்து வர வேண்டும். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் அய்க்ராய்டு தொடங்கிவைத்து, பின்னால் ஹைதராபாத்தில் விரிவான இந்திய உணவு அட்டவணையைப் பாருங்கள்: 100 கிராம் மரச்சீனியில் புரதம் 0.7 கிராம், அரிசியில் 6.8 கிராம். கிழங்கில் தண்ணீர் அதிகம் என்பதைக் கழித்து, ஒரே அளவு சக்திக்குக் கணக்குப் போட்டாலும் அரிசியில் உள்ளதில் கால் பங்குகூடத் தேறாது. மீன் வாங்கக் காசில்லாத வீட்டில் வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை. எஞ்சிய நஞ்சை முறிக்கும் சரக்கும் அந்த உடம்பில் குறைவு.

1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பானையில் வெந்த கிழங்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இன்றும் மரச்சீனி அவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்தோலை மிச்சம் வைக்காதீர்கள், முழுசாகச் சுடாதீர்கள், வடித்த தண்ணீரை ஆட்டுக்கும் வைக்காதீர்கள்.

எஞ்சிய அந்த நஞ்சின் மேல் பின்னால் மருத்துவர்களுக்கும் சந்தேகம் வந்தது. 1951இல் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறந்தது. அடுத்த ஆண்டுகளில் கேரளத்து டாக்டர் பி. ஜே. கீவர்கீஸிடம் ஒரு விசித்திரமான நோயாளிக் கூட்டம் வந்தது. எல்லாரும் இளவயது, எலும்பும் தோலும். சின்ன வயதிலிருந்தே வயிற்றுவலி. இப்போது சர்க்கரை நோய். எக்ஸ்ரே எடுத்தால் கணையம் இருக்கும் இடத்தில் முதுகெலும்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கற்கள். 1959இல் இந்தோனேசியாவில் மரவள்ளி தின்று வாழ்ந்த ஏழைகளிடம் இதே நோயை ஸூய்டெமா என்ற மருத்துவர் விவரித்திருந்தார். 1979இல் மக்மில்லன் என்ற ஆய்வாளரும் கீவர்கீஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை, மரச்சீனியின் சயனைடைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

கூண்டிலிருந்து அதை இறக்கப் போன சாட்சிகள் மரச்சீனியே சாப்பிடாதவர்கள். அவர்கள் கணையத்திலும் அதே கற்கள் இருந்தன.

(அடுத்த வாரம்: சாட்சிகள்)