மருந்துக் கூர்க்கன்: குன்றிலிருந்து வயலுக்கு வந்த வரலாறு

மருந்துக் கூர்க்கன் என்பது துளசி, புதினா, தும்பை ஆகியவை அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்த செடியாகும். இமயமலையின் வெப்பமான சரிவுகளிலும் தக்காணத்தின் வறண்ட குன்றுகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. தென் தமிழகத்தில் பொரியலும் குழம்பும் வைக்கும் சிறுகிழங்கு இதன் நெருங்கிய உறவு. தடித்த வேர்கள் இருப்பதால் மருந்துக் கூர்க்கன் வறட்சியைத் தாங்கும். அந்த வேர்களே இதன் வரலாற்றையும் மாற்றின.

பெயர் வந்த வழி

கோலியஸ் போர்ஸ்கோலி என்ற தாவரவியல் பெயர், லின்னேயசின் மாணவரான பெர் போர்ஸ்கால் நினைவாக வைக்கப்பட்டது. டென்மார்க் மன்னர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் சென்ற அவர், 1763இல் ஏமனில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய தாவரக் குறிப்புகளை உடன் சென்ற நீபூர் 1775இல் நூலாக வெளியிட்டார். இன்று தாவரவியலாளர்கள் இச்செடியைக் கோலியஸ் பார்பேட்டஸ் என்று குறிப்பிடுகின்றனர்.

வேரில் கிடைத்த மருந்து

குஜராத்தில் இதன் வேரைக் 'கர்மர்' என்ற பெயரில் ஊறுகாய் போடுவது பழைய வழக்கம். 1970களில் மும்பையிலிருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் இந்திய மூலிகைகளைச் சோதித்தபோது, இவ்வேரிலிருந்து போர்ஸ்கோலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அது இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. இதயத் துடிப்பின் வலிமையைக் கூட்டியது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே காலத்தில் கோலியனால் என்ற பெயரில் இதனைக் கண்டது. இரண்டும் ஒரே பொருள் என்பது பின்னரே தெளிவாயிற்று. உயிரணுக்களில் செய்தி கடத்தும் நொதி ஒன்றைப் போர்ஸ்கோலின் நேரடியாகத் தூண்டுகிறது என்று 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் உலகெங்கும் ஆய்வகங்கள் இதனைக் கேட்கத் தொடங்கின.

வயலுக்கு வந்தது

இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். தேவை பெருகியபோது குன்றுகளில் தானாக வளர்ந்த செடிகளுக்கு ஆபத்து வந்தது. போர்ஸ்கோலினை ஆய்வகத்தில் உருவாக்கும் வழி 1980களின் இறுதியில் தெரிந்தபோதும், அது பல படிகள் கொண்ட கடினமான வேலையாக இருந்தது. எனவே செடியைப் பயிரிடுவதே வழியாயிற்று. தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி மாவட்டங்களில் இப்பயிர் பரவியது.

விதைக்குப் பதிலாக நுனித்தண்டுகளை வெட்டிப் பார்களில் நடுகின்றனர். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் வேண்டும். பிறகு குறைந்த பாசனம் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். நூற்புழுவும் வாடல் நோயும் சேர்ந்து தாக்கினால் இழப்பு பெரிது. சுமார் ஆறு மாதத்தில் கிழங்கைத் தோண்டி, நறுக்கி, காயவைத்து விற்கின்றனர்.

சந்தையின் சிக்கல்

நடவுத்தண்டு கொடுத்து, பேசிய விலைக்கு வேரைத் திரும்ப வாங்கும் ஒப்பந்த முறையிலேயே இது பெரும்பாலும் பயிராகிறது. வாங்குபவர் பின்வாங்கினால் சிறுகிழங்கைப் போல வாரச்சந்தையில் கூறு கட்டி விற்க முடியாது. குஜராத்தைப் போல ஊறுகாய் போடும் வழக்கமும் இங்கு இல்லை. மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும் இச்செடியை நம்பி நட்டவருக்கு, வானத்தைவிட வாங்குபவரே பெரிய கவலை. ஆகவே நடுவதற்கு முன் விலையையும் கொள்முதலையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்வது, நல்ல நடவுத்தண்டைத் தேர்வதற்கு இணையான முதல் வேலையாகும்.