வெட்டப்பட்ட முகங்கள்

சே குவேரா படம் போட்ட பனியன் போய்ச் சேராத நாடு இன்றைக்கு அநேகமாக இல்லை. அந்தப் பனியன் போட்ட ஆட்களைத் தெருத்தெருவாகத் தேடிப் படமெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். படமெடுக்கிறவர் கண் எங்கே போகிறது? நேரா நெஞ்சுக்குத்தான் போகுது. கழுத்துக்கு மேலே இருக்கிற முகம் பல நேரம் படத்துக்குள் வருவதேயில்லை. பனியனுக்குள்ளே ஒரு ஆள் இருக்கான், அவனுக்கும் ஒரு பேர் இருக்கு என்பது விட்டுப்போகிறது.

இந்த வெட்டு புதுசு இல்லை. மூலப்படத்திலேயே இது தொடங்கிவிட்டது.

1960 மார்ச் 4. ஹவானா துறைமுகத்தில் 'லா கூப்ர்' என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து வெடிமருந்துச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வெடித்தது. காப்பாற்ற ஓடியவர்கள் அங்கே நிற்கும்போதே மறுபடியும் வெடித்தது. குறைந்தது 75 பேர் செத்தார்கள். அதில் துறைமுகக் கூலியாட்களும் உண்டு. மறுநாள் இரங்கல் கூட்டம். பிடல் காஸ்ட்ரோ பேசினார். மேடையின் முன்பக்கம் சில நொடி மட்டும் வந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார் சே. 'ரெவலூசியோன்' பத்திரிகைக்காக அங்கே போயிருந்த ஆல்பர்ட்டோ கோர்டா அந்த முகத்தை இரண்டு முறை எடுத்தார்.

ஆக, உலகம் நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிவது எழவுக்கு வந்தவனின் முகம். எழவு யாருடையது என்று மட்டும் பனியன் சொல்வதில்லை.

முழுப்படத்தில் ஒரு பக்கம் மரத்து ஓலை, மறுபக்கம் இன்னொரு ஆளின் பக்கவாட்டு முகம். அவர் 'பிரென்சா லத்தினா' செய்தி நிறுவனத்தை உருவாக்கிய அர்ஜென்டினாக்காரர் ஹோர்ஹே மசெட்டி என்கிறார்கள். மசெட்டி 1964-இல் சால்ட்டா மாநிலத்துக் காட்டில் கெரில்லாப் படையோடு இருந்தபோது காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. கோர்டா மரத்தையும் அந்த ஆளையும் வெட்டிவிட்டு சேயை மட்டும் வைத்துக்கொண்டார். பத்திரிகை அப்போது அதையும் போடவில்லை. படம் அவருடைய ஸ்டுடியோச் சுவரிலேயே தொங்கியது.

1967-இல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லிக்கு அந்தப் படத்தைக் காசு வாங்காமல் கொடுத்தார் கோர்டா. அக்டோபர் 9-இல் பொலிவியாவின் லா இகேராவில் சேயைச் சுட்டுக் கொன்றார்கள். வாயேகிராந்தே ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற தொட்டிமேல் பிணத்தைக் கிடத்தி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியது ராணுவம். ஆள் ஒழிந்தான் என்று படமெடுத்துக் காட்டத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் சுவரொட்டியாகப் பரவியது கோர்டாவின் படம். 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் பிட்ஸ்பாட்ரிக் அதைக் கறுப்பும் சிவப்புமாக வரைந்தார். துணியில் அச்சடிக்க ரொம்பத் தோதான படம். 2000-இல் ஒரு வோட்கா விளம்பரத்திலும் அந்த முகம் ஏறியபோது கோர்டா வழக்குப் போட்டார். கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. முன்பின் தெரியாத சனங்களைப் படமெடுத்துப் பிழைத்தவர்தான் சேயும். 1950-களின் நடுவில் மெக்சிகோ நகரத்துப் பூங்காக்களில், கேமராவோடு அலைந்து, குடும்பங்களையும் குழந்தைகளையும் எடுத்து விற்றார். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலைதான். ஆனாலும் எடுத்த முகம் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

நம்ம சேரிக்குள் கேமரா வந்த கதை நமக்குத் தெரியாதா? 'கூலிப்பெண்', 'தலித் முதியவர்' என்று பேரில்லாமல் அச்சான முகங்கள் எத்தனை! எடுத்தவர் பேர் மட்டும் படத்துக்குக் கீழே இருக்கும். அதனால்தான் இந்தப் பனியன் படங்களை நாம் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

பனியன் போட்டவரைப் படமெடுப்பது தப்பில்லை. அவரிடம் கேட்டுவிட்டு, தலையோடு எடுக்கலாம். பேரையும் தொழிலையும் விசாரித்து எழுதலாம். "மலிவாக் கிடைச்சது, போட்டுக்கிட்டேன்" என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே பதியணும். அவரும் சரித்திரத்துக்குள் இருக்கிற ஆள்தான். ஹவானாவில் சரக்கு இறக்கப் போய்ச் செத்த கூலியாட்களும் அப்படித்தான்.