காலிக்கு வந்த நான்ஜிங் கல்

மதுரையிலிருந்து இராமநாதபுரம் தாண்டிக் கடலோரம் போனால் பெரியபட்டினம் வரும். பாண்டியர் காலத்தில் பெரிய துறைமுகம். அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஓட்டை மட்டும் வைத்துச் சீனர் வந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அரபு வணிகர் கப்பலிலோ நம்மவர் மரக்கலத்திலோகூட அது வந்திருக்கலாம்.

இலங்கையின் காலியில் கிடைத்த கல் அப்படிப்பட்டதல்ல. ஏறத்தாழ ஐந்தடி உயரம், தலைப்பில் இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம். மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ் வாசகம் திருமாலின் வடிவான தெனாவரை நாயனாருக்கு. பாரசீகம் இஸ்லாமியருக்கு உரியது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்றிலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. எவரையும் குறைத்துவிடாத இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கல்லில் உள்ள தேதி 1409 பிப்ரவரி 15. ஆனால் செங் ஹேயின் மூன்றாம் பயணம் புறப்பட்டதே அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே சீனாவின் நான்ஜிங்கிலேயே செதுக்கி, கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில்தான் இலங்கையின் அழகக்கோனார் குலத்துத் தலைவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். மிங் ஆவணங்கள் அதைச் சொல்கின்றன. சிங்கள நூலான இராஜாவலியவிலும் அதன் நினைவு, குழம்பிய வடிவில், இருக்கிறது.

பிறகு கல் மறந்துபோயிற்று. 1911இல் தாம்லின் என்ற பொறியாளர் காலியில் ஒரு சாலை மதகில் கவிழ்த்துப் பதிக்கப்பட்டிருந்த அதைக் கண்டார். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேவின் மென்சீஸ் 2002இல் வெளியிட்ட நூல், செங் ஹேயின் இதே கப்பற்படை 1421இல் அமெரிக்காவை அடைந்ததாகச் சொன்னது. உலகெங்கும் விற்றது. ஆனால் காலிக் கல்லைப்போல் கொண்டுவந்தவர், காலம், காரணம் மூன்றையும் சொல்லும் பொருள் ஒன்றுகூட அமெரிக்கக் கரையில் கிடைக்கவில்லை.

நமக்கும் இதே அளவுகோல்தான். 1836 வாக்கில் நியூசிலாந்தில் மாவோரி மக்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கல மணியில் தமிழ் எழுத்து இருந்ததால், தமிழர் அத்தீவைக் கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த மணியில் இருப்பது முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்ற செய்தி மட்டுமே. ஆண்டு இல்லை; எந்தக் கரைக்குப் போனது என்பதும் இல்லை.