துபாய்: கட்டுமானமும் இன்டீரியர் பணிகளும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் துபாயில் கட்டடம் எழுப்புவதும், அதன் உட்புறத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக்குவதும் இணைந்த தொழில்துறை. 2002இல் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் சொத்து வாங்க அனுமதி கிடைத்ததும் இத்துறை வேகமெடுத்தது. 2008 நிதி நெருக்கடியில் பல திட்டங்கள் பாதியில் நின்றன. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா 2010இல் திறக்கப்பட்டது.

அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் வெறும் கான்கிரீட் தளமே வாடகைக்கு விடப்படுகிறது. ஜிப்சம் தடுப்பு, ஃபால்ஸ் சீலிங், ஏசி குழாய், ஸ்பிரிங்க்ளர், தரைவிரிப்பு எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. காலி செய்யும்போது தளத்தைப் பழைய நிலையிலேயே ஒப்படைக்கும்படி ஒப்பந்தங்கள் பல கோருவதால், நல்ல நிலையிலுள்ள மரவேலையும் கண்ணாடியும்கூட உடைத்து அகற்றப்படுகின்றன. இத்துறையின் பெரும் விரயம் இது.

2015 டிசம்பர் 31இல் அட்ரஸ் டவுன்டவுன் விடுதியின் வெளிச்சுவரில் தீ வேகமாகப் பரவியது. 2017இல் வந்த தீப்பாதுகாப்பு விதிகள் வெளிச்சுவரில் பொருத்தப்படும் முகப்புப் பலகைகளின் தரத்தைக் கடுமையாக்கின.

தொழிலாளர்களில் பெரும்பாலோர் தெற்காசியர்; தமிழர்களும் உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை உள்ளது. ஏசி இயங்காத தளங்களில் உட்புற வேலை செய்வோரை இத்தடை காப்பதில்லை என்பது கவனத்துக்குரியது.